எந்தத் தேதியிலிருந்து

மனுவின் நான்காம் பத்தியில் ஒரு வெற்றுக் கோடு.
அதை நிரப்பணும் என்றார் வக்கீல் அம்மா,
தம்புச்செட்டித் தெரு மாடியறையில்
மின்விசிறிக்குப் பறந்த தாள்களின் மேல்
டிபன் பாக்ஸைத் தூக்கி வைத்தபடி.
"ரெண்டு பேரும் குறைந்தது ஒரு வருஷமாவது
பிரிஞ்சு வாழ்ந்திருக்கணும்.
எந்தத் தேதியிலிருந்து?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

எதைச் சொல்ல?
கல்யாணமாகிப் பதினெட்டாம் நாள்
சென்ட்ரலில் கறுப்பு டிரங்குப்பெட்டியை ஏற்றிவிட்டு
குணாளன் ஜன்னல் கம்பிக்குள் போன தேதியையா?
நிறைமதி பிறந்து நான்கு மாதம் கழித்து வந்து
தூக்கப்போக, அவள் வீறிட்ட தேதியையா?

லீவுச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன்.
நந்தம்பாக்கம் வீட்டுத் தரையில் பரப்பி
ஒன்பது வருடத்தைக் கூட்டினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு நாள்.
பாதி அவன் தூங்கினான்,
தூக்கத்தில் யாரையோ இந்தியில் அதட்டிக்கொண்டு.
ஜபல்பூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்த பதினான்கு மாதம்
இந்தக் கணக்கில் வராது.
சேர்ந்து இருந்தது அப்போதுதான்.
முடிந்துபோனதும் அங்கேதான்.

அடிச்சாரா? இல்லை.
குடியா? கோட்டா பாட்டிலைக்கூட
என் மாமாவுக்குக் கொடுத்துவிடுவான்.
வேற யாராவது? இல்லை.
பின்னே என்னதாம்மா?
பழகலை.
அதுக்குப் பிரிவு எதுவும் இல்லையே, என்றார்.
பரஸ்பர சம்மதம்னு போட்டுடலாம்.

போனில் அவன் அதிகம் பேசவில்லை.
"கையெழுத்துக்கு லீவு கேக்கறேன்."
பன்னிரண்டு நாள் கொடுத்தார்கள்.
காரணம் என்ற இடத்தில்
'குடும்ப விஷயம்' என்று எழுதினானாம்,
குழந்தை பிறந்தபோது எழுதிய அதே வார்த்தை.

உயர் நீதிமன்ற வளாகத்துக் குடும்ப கோர்ட்டில்
ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.
முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தான்.
வாங்கி வந்த டீயில் சர்க்கரை இல்லை.
எனக்கு அது பிடிக்காது என்று
அவனுக்கு நினைவிருந்தது, தப்பாக.
குடித்துவிட்டேன்.

ஆறு மாதம் யோசித்துப் பாருங்கள் என்றார்கள்.
யோசிக்கச் சொன்ன ஆறு மாதமும்
அவன் சிக்னல் எட்டாத ஒரு மலை மேல் இருந்தான்.

இரண்டாவது வாய்தாவுக்கு லீவு இல்லை.
அனுமதி வாங்கித் திரையில் வந்தான்,
பின்னால் ஒரு பச்சைத் துணி, காதை மூடிய தொப்பி.
"உங்க சம்மதம் தானா? யாரும் வற்புறுத்தலையே?"
படம் உறைந்தது.
பாதி திறந்த வாயோடு அவன்,
காத்திருக்கும் நீதிபதி,
செல்லை அணைக்கச் சொல்லி யாரையோ முறைக்கும் டவாலி.
முதலில் குரல் மட்டும் வந்தது:
"சம்மதம், அம்மா."
வெகுநேரம் கழித்துத்தான் உதடு அசைந்தது.

கேன்டீன் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
கிளார்க் நல்ல மனிதர், கண்ணைப் பார்க்காமல் சொன்னார்:
"பார்ட் டூ ஆர்டர் வந்துருச்சும்மா.
பாப்பா பேரு இருக்கும்.
உங்க பேரை மட்டும்தான் எடுத்திருக்கு."
ஒரு வரியில் சேர்த்த பெயர்.
ஒரு வரியில் எடுத்தார்கள்.

மாதத்தின் கடைசி நாளில்
அவன் சம்பளத்திலிருந்து நிறைமதிக்குப் பணம் வருகிறது.
வங்கியின் குறுஞ்செய்தி.
அவன் எழுதிய கடிதங்களைவிட
இது நாள் தவறுவதில்லை.

டிரங்குப்பெட்டி ஒன்று இங்கேயே தங்கிவிட்டது,
மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவன் நம்பர்.
உள்ளே அரிசி.

நேற்று விடிகாலை ஐந்தே முக்கால்.
தெரியாத எண்.
ஒன்பது வருடமாக அந்த நேரத்தில்
தெரியாத எண் வந்தால்
என் வயிறு எப்படி இறங்குமோ
அப்படியே இறங்கியது.
தீர்ப்பு நகலை அதற்கு யாரும் காட்டவில்லை போல.

எடுத்தேன்.
"மேடம், உங்களுக்குப் பெர்சனல் லோன்..."
வேண்டாம்மா, என்றேன்.
ரொம்ப நன்றிம்மா, என்றேன்.
ரொம்ப ரொம்ப நன்றி.

அந்தப் பெண் குழம்பிப்போய்
லைனிலேயே இருந்தாள்.