எட்டு நாள் தண்ணீர்

காற்று விழுந்துவிட்டது.
வலை காயும் கம்பில்
ஒரு நூல்கூட அசையவில்லை.
இப்படிப்பட்ட இரவில்தான்
கண்டல் காட்டுப் பக்கமிருந்து கிளம்பும்,
முதலில் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பூச்சி,
பின்னாலேயே பாட்டோடு கொசு.

கரண்ட் இல்லை.
கணவாய்ப் பெட்டியின் அட்டையால் விசிறுகிறேன்.

முந்தாநாள் வர்ணிகாவின் முழங்காலுக்குக் கீழே
பதினேழு.
எண்ணியவள் அவளே.
நீல மையால் ஒவ்வொரு தடிப்பையும்
கோடிழுத்துச் சேர்த்து
'பாரும்மா, திருக்கை' என்றாள்.
வால் நீளம் போதாதாம்,
இன்னும் ரெண்டு கடி வேணுமாம்.

சிரித்துவிட்டேன்.
தெற்குத் தெருப் பிள்ளையொன்று
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
ஆறு நாளாய்ப் படுத்திருப்பது
சிரித்த பிறகுதான் நினைவு வந்தது.
தட்டணு என்ற சொல்லை
மோர்ப்பண்ணை அந்த வாரம்தான் கற்றது.
இருபதாயிரமாம், இல்லை பதினெட்டாம் என்று
இறால் விலை போலக்
குழாயடியில் பேசினோம்.

நேற்றுக் காலை பர்கத் நிஷா வந்தாள்,
சுகாதாரச் செவிலி, தொண்டிக்காரி,
ஸ்கூட்டியைப் பாதி தூரம் மணலில் தள்ளிக்கொண்டு.
டிரம்முக்குள் டார்ச் அடித்தாள்.
'வந்து பாருங்கக்கா.'

வெளிச்சம் பட்டதும்
மயிரளவு உயிர்கள்
நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின.
மூடித்தான் வைத்திருக்கிறேன் என்று
நான் நம்பிய தண்ணீரில்.

'இது காட்டுலேர்ந்து வரலக்கா, இங்கேயே பிறந்தது.
பகல்ல கடிக்கும்.
கொட்டிடுங்க.'

கொட்டிடுங்க.

லாரி வந்து எட்டு நாள்.
குடம் பன்னிரண்டு ரூபாய்.
கிணற்றில் ஊறுவது பாதிக் கடல்.
சோறு வடித்த கஞ்சியைக்கூட
இங்கே யாரும் யோசிக்காமல் ஊற்றுவதில்லை.
அவளுக்கும் தெரியும்,
தொண்டியிலும் இதே லாரிதான்.
சொன்னவள் கிளம்பாமல்
டிரம் விளிம்பில் கை வைத்தபடி நின்றாள்.

கடலிலிருந்து வந்த நம்புராஜன்
நண்டு வலையின் கண்ணுக்குள்
கட்டைவிரலை நுழைத்துக் காட்டினார்,
'திமிங்கிலம் அளவு கொசுன்னா சிக்கும்.'
வீட்டில் ஏழு வலை.
ஏழிலும்
கொசு தலை நிமிர்ந்து நடந்து போகலாம்.

கொசுவலை என்று இருந்தது ஒன்று,
சின்னவன் பிறந்தபோது என் அண்ணன் வாங்கித் தந்தது.
ராத்திரி இரண்டு பேரையும் உள்ளே போட்டு
நாலு ஓரமும் பாய்க்கடியில் செருகுவேன்.
அதை மடியில் விரித்துக்
கத்தரிக்கோல் வைத்தேன்.
வைத்த கை அப்படியே நின்றது.
ராத்திரியை மூடுவதா, பகலை மூடுவதா?

சரி, முதலில் தண்ணீர்.
பக்கத்து வீட்டு டிரம்மை இரவல் வாங்கி
இருபத்து மூன்று குடம்
வேட்டியில் வடித்தேன்.
காலியான டிரம்மின் உள்சுவரைத்
தேங்காய் நாரால் தேய்த்தேன்,
முட்டை ஒட்டியிருக்கும் என்று நிஷா சொல்லியிருந்தாள்.
துணியில் மிஞ்சியதை வெயில் மணலில் உதறினேன்.
துடித்தது.
அடங்கும்வரை நின்று பார்த்தேன்.

பிறகு வெட்டினேன்.
பாதி வலை இரண்டு டிரம் வாய்க்கு,
இறுக்கிக் கட்டியது நண்டு வலைக் கயிறு,
முடிச்சு அவர் போட்டது.

மீதிப் பாதிக்குள்
இப்போது சின்னவன் மட்டும்.
வர்ணிகாவுக்குக்
கழுத்திலிருந்து கணுக்கால்வரை என் நூல் சேலை,
பாதத்துக்கு வேப்பெண்ணெய்.
'கசக்குதும்மா.'
'கால் எப்படிடி கசக்கும்?'
'வாசனை கசக்குது.'

தூங்கிவிட்டாள்.
அட்டையைக் கை மாற்றிக்கொள்கிறேன்.
டிரம் பக்கம் இருட்டில் ஒரு ரீங்காரம்
சுற்றிச் சுற்றி வாசல் தேடுகிறது.
தேடட்டும்.

விடிந்ததும்
சேலையை விலக்கிப் பார்ப்பேன்.
அந்தத் திருக்கை
குட்டை வாலோடேயே இருக்க வேண்டும்.