கைமாற்று

பதினோரு பவுண்டு.
என் அடுப்படி மேசையில் நான்தான் எண்ணினேன்.
கம்பளிக் காலுறையைக் கவிழ்த்துக் கொட்டினான் டிகோரி யோ,
காசில் ஆட்டு வாடை.
இருநூற்று இருபது ஷில்லிங்கில்
ஓரம் நறுக்கியவை மூன்று.
தள்ளி வைத்தேன். முகம் சுளிக்காமல்
வேறு மூன்று எடுத்துக் கொடுத்தான்.
கோமாரியில் எங்கள் உழவு மாடுகள் இரண்டும் செத்த வருடம் அது.

பத்திரம் எழுதிவிடலாம் என்றார் என் கணவர்.
"வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்,
இந்தப் பக்கம் ஒரு காது,
நடுவில் தாள் எதற்கு ஹம்ஃப்ரி?" என்றான் யோ.
பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு தின்றான்,
போனான்.

தவக்காலத்தில் கம்புப்போரின் உச்சியிலிருந்து விழுந்து
ஹம்ஃப்ரி செத்தார்.
யோ இரண்டு முறை வந்தான்.
முதல் முறை, "அறுவடை ஆகட்டும்" என்றேன்.
இரண்டாம் முறை,
"எந்தப் பணம்?" என்றேன்.
பேசியது யாரென்று நானே திரும்பிப் பார்த்தேன்.

மிக்கேல் திருநாளுக்குப் பத்திரம் முளைத்தது.
செம்மெழுகு முத்திரை.
சாட்சிகள் இரண்டு பேர், இரண்டு பேரும் கல்லறையில்.
அடியில் ஒரு வெட்டரிவாள்.

எழுத்தறியாதவர் ஹம்ஃப்ரி. வேலி வெட்டும் தொழில்.
பெயர் கேட்டால் அரிவாள் வரைவார்.
இடக்கைக்காரர்.
அவர் வரையும் அரிவாளின் வாய்
எப்போதும் இடப்பக்கம் திறந்திருக்கும்,
எங்கள் கட்டிலில் என் பக்கம் பார்த்து
அவர் வாய் திறந்து தூங்கியதுபோல.

தாளில் இருந்தது வலப்பக்கம் பார்த்தது.

எக்ஸிடரில் நீதிபதிக்குச் சளி.
ஒரே ஒரு கேள்வி கேட்டு மூக்கைச் சிந்தினார்:
"இது உன் புருஷன் போட்ட குறியா?"
"இல்லை, பிரபுவே."
வேதத்தின்மேல் கை வைத்துச் சொன்னேன்,
ஓரம் நறுக்காத சத்தியம்.
பணம் வாங்கினீர்களா என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்ல
நாக்கின் கீழ் ஒரு பதில் வைத்திருந்தேன்.
அது எந்தப் பதில் என்று
இன்றுவரை எடுத்துப் பார்க்கவில்லை.

யோ என்னைப் பார்த்தான்.
கோபம் இல்லை. ஷில்லிங் எண்ணும் முகம்.

ஒரு வருடச் சிறை.
சந்தை நாளில் மரச்சட்டத்தில் தலை.
ஒரு காது.

நான் போகவில்லை.
அன்று முழுக்க வெண்ணெய் கடைந்தேன், திரளவில்லை.
வில்மட் கேடி வந்து சொன்னாள்:
அழுகிய முட்டை எடுத்துப் போனவர்கள்கூட
எறியாமல் திருப்பிக் கொண்டுவந்தார்களாம்.
கூடையில் இருந்ததை எனக்கும் காட்டினாள்.

திரும்பி வந்தபோது
ஒரு பக்கம் மட்டும் முடியை நீள விட்டிருந்தான்.
வேலி ஆளுயரம் ஏறிக் கிடந்தது, வெட்ட ஆளில்லை.
இடைவெளியில் கைவிட்டு
என் மாடுகளில் ஒன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான்,
அவன் காசில் வந்த மாடு.
நான் ஜன்னலைச் சாத்தினேன்.

கோவிலில் அவனுக்கு நேர் பின்னால் என் பலகை.
ஞாயிறுதோறும் எல்லோரும் சங்கீதம் பாடும்போது
கொஞ்சம் குனிந்து
அந்தக் காதில்லாத பக்கமாகப் பார்த்து
"பதினோரு பவுண்டு" என்று மெல்லச் சொல்வேன்.
யாருக்கும் சொல்லாமல் எப்படி இருப்பது?
ஒரு தடவைகூட அவன் திரும்பியதில்லை.

மடல் போனாலும் கேட்பது போகாதாம்.
நாவிதன் சொன்னான், நேற்று,
வேறு யார் கதையையோ சொல்லும்போது.

மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.