தரைவழிச் செலவு

செவ்வாய் மத்தியானம் தந்தி வந்தது.
மதராசிலிருந்து நாலு பேர், துப்பாக்கி மூன்று.
வெள்ளிக் காலை அப்துல்லாபுரத்தில் இறங்குகிறார்கள்.
ஜவ்வாது மலை. சிறுத்தை.
தரைவழி உங்கள் பொறுப்பு.

வானத்துக்கு ஒரு பைலட் போதும்.
தரைக்கு எத்தனை பேர் என்று
தந்தியில் கேட்க மாட்டார்கள்,
சொல்லுக்கு இவ்வளவு என்று காசு.

நான் லாரி ஷெட்டில் புக்கிங் குமாஸ்தா.
நயா பைசா வந்து நாலு மாசம்.
அணாவில் பேசிவிட்டு
பைசாவில் எழுதிக்கொண்டிருந்தோம்.

ஓடுபாதையில் மேயும் ஆடுகளை
ஒன்பது மணிவரை அண்டாமல் பார்த்துக்கொள்ளப்
பையன்கள் இரண்டு பேர், ஆளுக்கு நாலணா.
தஸ்தகீரின் ஜீப். முன் டயருக்குப் பாதி உயிர்.
சாமானுக்கு ஒரு வேன், கதவைக் கயிறு போட்டுக் கட்டவேண்டும்.
சோடா இரண்டு கிரேடு,
உமி போட்டு மூடிய ஐஸ் ஒரு பாளம்,
அமிர்தி போவதற்குள் பாதியாகும் என்று தெரிந்தே முழுசாக.
அமிர்தி வரை சக்கரம் போகும்.
அதற்கு மேல்?

"அதுக்கு மேல கழுதைதான்" என்றான் தஸ்தகீர்
பீடியை எடுக்காமலே.

பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி
ஆஸ்பத்திரி விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள் நாகபூஷணம்.
அவளிடம் எட்டு இருந்தன. ஆறு கேட்டேன்.
"இன்னாத்துக்கு?"
"வேட்டைக்கு."
"கழுதையயா?"
இரண்டு பேரும் சிரித்தோம்.
ஒன்றுக்கு நாளைக்கு ஒன்றரை ரூபாய் என்று முடிந்தது.
கரையேறும்போது கூப்பிட்டுச் சொன்னாள்:
"காது மடிஞ்சத மட்டும் ராவுல கட்டாதீங்க,
ஊரே எழுந்துக்கற மாதிரி கத்தும்."
அதையும் எழுதிக்கொண்டேன்.
நான் எதையும் விடுகிறவன் இல்லை.

வெள்ளிக்கிழமை
வெட்டுக்கிளி போல வந்து உட்கார்ந்தது விமானம்.
ஒரு ஆடும் குறுக்கே வரவில்லை.
வேனில் ஏறாத சாமான் இல்லை.
டயர் கம்பெனி முதலாளி என் கையைக் குலுக்கி
"பிரமாதமான ஏற்பாடு" என்றார்.
வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன்.

மீதி தஸ்தகீர் சொன்னது.
இரண்டாம் ராத்திரி, தூறல்.
பரணுக்குக் கீழே புதர் அசைந்தது.
டார்ச் அடித்தபோது இரண்டு கண் பச்சையாக.
ஒரே குண்டு.
நல்ல குறிதானாம், அதில் குறை சொல்வதற்கில்லை.

கட்டாமல் விட்டிருந்தார்கள்,
என் கையெழுத்தில் இருந்தபடியே.

முதலாளி அங்கேயே நூறு ரூபாய் எடுத்து நீட்டினார்.
நாற்பதுக்கு மேல் போகாத மிருகம்.
கூட வந்தவரில் ஒருவர் மட்டும்
திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை.
சிறுத்தை இல்லாததால் விமானத்தில் பாரம் குறைவு,
பைலட்டுக்கு அதில் சந்தோஷம்.

பணத்தோடு ஆற்றுக்குப் போனேன்.
"எது?" என்று மட்டும் கேட்டாள்.
சொன்னேன்.
முறுக்கிக்கொண்டிருந்த விரிப்பை
இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.
தண்ணீர் எப்போதோ நின்றுபோயிருந்தது.

மேனேஜர் கணக்கைப் பார்த்துவிட்டு
கழுதை என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்தார்.
"கம்பெனிக்குப் போற பில்லுய்யா. இதரன்னு போடு."
இதர: நூறு ரூபாய், பூஜ்யம் நயா பைசா.
அந்த மாசம் முழுக்க
ஒரு மூட்டையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு
ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்,
ஏழுக்குப் பின்னால்.
ஷெட்டு வாசல் வழியாகத்தான் போகவேண்டும்.
நான் ரசீதுக் கட்டை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஆவணியில் மறுபடி தந்தி.
'போன வருஷம் போலவே எல்லா ஏற்பாடும்.'

மதராசுக்கு எழுதலாம், கழுதை கிடைக்கவில்லை என்று.
எழுதவில்லை. ஆற்றுக்குப் போனேன்.
அவள் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
கொடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"மூணு ரூபா. காசு முன்னாடி."
சரி என்றேன்.
"ராவுல எல்லாத்தயும் கட்டிடு."
கத்துமே, என்றேன்.

"கத்தட்டும்.
சிறுத்தைக்கும் கேக்கட்டும்."