வணிக நோக்கமின்றி

கடைசிப் பக்கத்தின் அடியில், எட்டாம் அளவு எழுத்தில்
அந்த வரியைத் தட்டியவன் நான்:
வணிக நோக்கமின்றி யாரும் பயன்படுத்தலாம்.
பரீஸா, நீ அப்போதே முகம் சுளித்தாய்.
மண்டபம் முகாம் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்தோம்.
நூற்று எண்பத்து மூன்று மீன், பதினொரு பாசி,
படமும் ஊர்ப்பெயருமாக
உன் பைக்குள் விரல் நீளத் துண்டொன்றில் கிடந்தன.
"யாரைத் தடுக்கிறே?"
"ஐஸ் கம்பெனிக்காரனை" என்றேன்.
சென்னையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து
நம் ஓராவையும் விளமீனையும் காசாக்கப் போகிறவனை.

மூன்று மாதம் கழித்துக் கடிதங்கள் வந்தன.
பெருங்குளத்துப் பள்ளிக்கூடம்:
நாங்கள் கட்டணம் வாங்குகிறோம், நாங்கள் வணிகமா?
உச்சிப்புளி முத்துராக்கு ஜெராக்ஸ்:
பக்கத்துக்கு ஒன்றரை ரூபா. தாள் என்னுது, மை என்னுது,
கரண்டு பில்லு என்னுது,
இதுல உங்க மீனு எவ்வளவு சார்?
வேதாளைக் கருவாட்டுக் குழு
நெத்திலிப் பொட்டலத்தில் நம் படத்தை ஒட்டி,
பிறகு யாரோ சட்டம் சொல்லப் பயந்து
இருநூறு பொட்டலத்திலும் நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.
பசை காய்ந்த அந்த வெள்ளைச் சதுரத்தை
மேசைமேல் வைத்துவிட்டு நீ ஒன்றும் பேசவில்லை.
இலவசக் கலைக்களஞ்சியம் நடத்துகிறவர்கள்
ரொம்பப் பணிவாக எழுதினார்கள்:
இந்த வரியோடு எங்களால் ஏற்க இயலாது.

ஐஸ் கம்பெனிக்காரன் எதுவும் கேட்கவில்லை.
ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில்
பார்சல் ஏற்றக் கிடந்த அவன் பெட்டிமேல்
வாலிநோக்கத்தில் கழுத்தளவு நீரில் நின்று நீ எடுத்த கிளிமீன்.
ஓரத்தில் உன் பெயர் தொடங்கும் இடத்தில்
அளந்து வெட்டியிருந்தான்.
நம் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் எல்லாம்
கதவைத் தட்டத் தெரிந்தவர்கள்.

இருந்தும் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை.
அந்த வரியை எடுத்துவிடு என்கிறாய்,
விற்பவன் விற்கட்டும்,
தான் சேர்த்ததையும் திருத்தியதையும்
இதே போலத் திறந்து வைக்கட்டும், போதும் என்கிறாய்.
கடல் எல்லோருக்கும் பொது என்று சொல்லித்தான்
விசைப்படகும் வந்தது என்கிறேன்.
மீன் பிடித்தால் கடலில் ஒன்று குறையும்,
படம் பிடித்தால் எது குறையும் என்கிறாய்.
கச்சான் அடித்த நாளெல்லாம் இதே பேச்சு.

நம்புத்தாயிடம் கேட்போம் என்றது நீதான்.
மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, பக்கோடாப் பாசி,
இன்னும் நாற்பது மீன், அவள் சொல்லி நாம் எழுதியவை.
சின்னப்பாலத்துக் கரையில்
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்காமல்,
முக்குளிக்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வியாபாரியிடம் முக்கால் கிலோவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.
வரியை வாசித்துக் காட்டினேன்.
"விக்கக் கூடாதாமா? நான் விக்கிறதே இதத்தான."
கையேட்டை வாங்கிப் புரட்டினாள். தாளில் ஈரம் ஊறியது.
"இதுல எம்பேரு எங்க இருக்கு?"

நன்றி: உள்ளூர்ப் பெண்கள்.
அதுவும் நான் தட்டியதுதான்.
அந்த ஒரு வருடமும் எனக்குத் திட்டச் சம்பளம் வந்தது,
உனக்குப் படத்துக்கு இவ்வளவென்று வந்தது,
அவளுக்கு ரெண்டு டீ, ஒரு பிஸ்கட் பாக்கெட்.
இதில் யார் வணிகம், பரீஸா?

இன்றிரவு கோப்பைத் திறந்து வைத்திருக்கிறேன்.
நம்புத்தாய், சின்னப்பாலம் என்று
முதல் பக்கத்தில், நம் பெயர்களுக்கு மேலே சேர்த்தாயிற்று.
கடைசிப் பக்கத்தில் 'வணிக' என்பதன் முன்னால்
கோடு மினுக்கிக்கொண்டே இருக்கிறது,
என் விரல் இன்னும் இறங்கவில்லை.
முத்துராக்குக்கு மட்டும் பதில் போட்டேன்:
அடியுங்கள், ஒன்றரை ரூபாய் வாங்குங்கள்.
நாற்பத்தேழாம் பக்கத்தில் திருக்கை
தலைகீழாக விழுந்திருக்கிறது,
திருப்பிப் போட்டு அடியுங்கள்.