இடப்பக்கம்

எல்கோ, நெவாடா. சனிக்கிழமை.
பீன்ஸ் டப்பாக்கள் அடுக்கிய வரிசையில்
டெலோரஸ் எச்செவெரி குனிவதில்லை.
முழங்கால் மடித்து உட்கார்ந்துதான் எடுப்பாள்,
வலது முழங்கை உறையோடு ஒட்டியபடி.

உறைக்குக் கட்டைவிரல் பூட்டு உண்டு.
காலையில், தோட்டா நீக்கிய துப்பாக்கியை அதில் செருகி
கட்டிலுக்கு மேலே தலைகீழாய்ப் பிடித்து உலுக்கினாள்.
விழவில்லை.
விழாது என்று தெரியும். இருந்தாலும்.

எதற்கு இது என்று கேட்பவர்களுக்கு
அவளிடம் இரண்டு பதில் உண்டு.
ஒன்றைச் சொல்வதில்லை.

மகன் ஆன்டெருக்கு நாலு வயது.
தூக்கச் சொன்னால் இடப்பக்கம்தான் வருவான்.
சாலை கடக்க இடக்கை, அழுதால் இடத்தோள்.
அந்த இடுப்புதான் அவனுக்கு.

பணம் கட்டும் வரிசையில் வேறொரு குழந்தை,
மூக்குச் சளியோடு, மிட்டாய்க் குச்சியோடு.
கறுப்புப் பிடியின் உயரம்தான் அதன் கண்.
"நிஜமா?"
விரல் நீள்வதற்குள் அவள் திரும்பி
தள்ளுவண்டியை நடுவில் இழுத்துக்கொண்டாள்.
"நிஜம்தான் கண்ணு. தொடக்கூடாது."
குழந்தையின் அம்மா ஒன்றும் பேசாமல்
வேறு வரிசைக்குப் போனாள்.
டெலோரஸுக்குக் காதுமடல் சுட்டது.
வண்டிக்குள் சாக்லேட் பாலுக்கு அடம்பிடித்தான் ஆன்டெர்.

ஜூலையில் ஏரி.
வார் இல்லை, உறை இல்லை,
எல்லாம் வீட்டு இரும்புப் பெட்டிக்குள்.
ஈர நீச்சலுடையில் வலக்கையை நீட்டி
வாடா என்றாள்.

அவன் நின்றான்.
குளிரில் பல் கிட்டிக்க
அவள் முதுகைச் சுற்றி நடந்து
இடப்பக்கம் வந்து
கை தூக்கினான்.