வெட்டாத கழுத்து

சலைடாவில், ஆர்கன்சா ஆற்றுப் பாலத்துக்கு இப்பால் என் கடை.
பழைய சைக்கிள்களுக்கு விலை சொல்வேன், விற்றும் கொடுப்பேன்.
நூற்றுக்குப் பதினைந்து எனக்கு.

திங்கட்கிழமை மதியம் டோரித் லிண்ட்குவிஸ்ட் வந்தாள்
படுக்கைவிரிப்பில் சுற்றிய ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு.
அவிழ்த்தாள்.
மே மாதம் ஆஸ்பென் விடும் பச்சை.
மலைச்சைக்கிள் ஃபிரேம், அதே நிறத்தில் ஃபோர்க்.
தொண்ணூற்றிரண்டில் சொல்லிச் செய்தது.
இன்றுவரை ஒரு திருகுகூட ஏறியதில்லை.

நான் வியக்கவில்லை.
என் தொழிலில் புருவம் உயர்ந்தால் பேரம் போச்சு.
டார்ச்சை இருக்கைக் குழாய்க்குள் இறக்கினேன்.
ஓடாத இரும்பை உள்ளிருந்துதான் துரு தின்னும்.
தின்னவில்லை. எண்ணெய் வாசம் மட்டும்.
மூட்டுகளில் பித்தளை, நாக்கால் வழித்தெடுத்ததுபோல.
பின்சக்கரம் உட்காரும் பிளவில்
அச்சு கடித்த தடம் இல்லை.
ஃபோர்க்கின் கழுத்து முழுநீளம்.
"வெட்டாத கழுத்துக்கு இருநூறு கூடும்" என்றேன்.
அவள் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள்.

யானைக்குத்தான் இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.
சைக்கிளுக்கு,
பிறக்காமலே இருந்தால்தான் பொன்.

ரசீதும் வைத்திருந்தாள்.
லாய்ட் வெஸ்ட்காட், கன்னிசன். ஆயிரத்து நூற்று நாற்பது டாலர்.
பின்பக்கம் பென்சிலில்:
கால் எண்பத்தாறு, உடம்பு ஐம்பத்தாறு, கை அறுபத்திரண்டு.
வாகனக் கொட்டகையில் சுவரோடு சாய்த்து நிற்கவைத்து
தொடைகளுக்கிடையே புத்தகம் ஒன்றைச் செருகி அளந்தாராம்.
நீண்ட கால், குட்டை உடம்பு.
அந்த நாளில் எந்தக் கடையிலும் அவளுக்குச் சைக்கிள் இல்லை.
இப்போது அந்த அளவுதான் இடிக்கிறது.
பெயருக்குக் கூட்டினேன், சாயத்துக்குக் கூட்டினேன்,
அவள் உடம்புக்கு முந்நூறு கழித்தேன்.

ஏன் ஓட்டவில்லை என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
"சக்கரத்துக்குப் பணம் சேர்ந்தபோது
அதைவிட நல்ல சக்கரம் வந்துவிட்டது.
அதற்குச் சேர்த்தபோது வேறு.
பிறகு அகலமே மாறிவிட்டது, இதில் எதுவும் பொருந்தாது என்றார்கள்.
பிறகு,
கீறிவிடும் என்று தோன்றியது."

டேப் கையில் இருந்தது. சும்மா அளந்து பார்த்தோம்.
கால் அதே எண்பத்தாறு.
உடம்பு ஐம்பத்து மூன்று.
"மூன்று சென்டிமீட்டர் எங்கே?"
"தபால் நிலையத்தில். இருபத்தாறு வருஷம் கவுண்டரில் நின்றேன், அங்கே தேடு."

புதன்கிழமை பியூனா விஸ்டாவிலிருந்து ஒரு பெண் வந்தாள்,
ஆற்றில் ராஃப்ட் ஓட்டுகிறவள், பெயர் ஷெல்பி.
ஃபிரேமின் இருபுறமும் கால்போட்டு நின்று
இல்லாத கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தாள்.
தைத்துப்போட்டதுபோல இருந்தது.
"எழுநூறு தருகிறேன். சனிக்கிழமையே மலை ஏற்றுவேன்."

ஃப்ரைபர்கிலிருந்து பல் மருத்துவர் ஃபோல்க்மார்
இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது.
படிக்கட்டுச் சுவரில் மாட்டுவாராம்.
பிளவின் படத்தை மூன்று முறை கேட்டார்.

டோரித் ஷெல்பியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.
நான் எதையோ எதிர்பார்த்தேன்.
"ஜெர்மன்காரருக்கே" என்றாள். "என் கூரை ஒழுகுகிறது."

குழாய்களுக்கு நுரை சுற்றினோம்.
சுங்கப் படிவத்தில் இரண்டே கட்டம்: புதியது, பயன்படுத்தியது.
முப்பத்து மூன்று வருஷத்துப் பொருள். பேனா நின்றது.
"மூன்றாவது கட்டம் கிடையாது, தேடாதே" என்று
என் கையிலிருந்து பேனாவை வாங்கிக் குறியிட்டாள்.
எதில் என்று நான் பார்க்கவில்லை.

ரசீதை மட்டும் மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.
"அது இல்லாவிட்டால் நூற்றைம்பது குறைப்பார்" என்றேன்.
"குறைக்கட்டும்."

அந்த நூற்றைம்பதில் என் பங்கு இருபத்திரண்டரை டாலர்.
கதவுவரை போய்க்கொண்டிருந்தாள்.
கேட்கவில்லை.