வடக்குப் பக்கத்துக் கூரை

என் வீட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவே
ஒரு தெரு, ஒரு ரொட்டிக் கடை, ஒரு மதில்.
பாய்சாந்தூவில் இதைவிடக் கிட்ட யாருக்கும் வீடில்லை.
கணுக்காலில் கட்டியிருக்கும் கருப்புப் பெட்டி
வாசற்படிவரை விடும்.
அதைத் தாண்டி ஓர் எட்டு வைத்தால் கத்தும்.

பதினோரு வருஷம் சலதேரோ கிளப்பின் கணக்கை எழுதினேன்.
பன்னிரண்டாம் வருஷம்
வடக்குப் பக்கத்துக் கூரைக்கென்று ஊர் சேர்த்த பணத்தை எடுத்தேன்.
ஏனென்று நீதிபதியிடம் சொல்லியாயிற்று.
மறுபடி சொல்வதாக இல்லை.

பிப்ரவரியில் சீசன் தொடங்கியது.
டிவியில் ஆட்டம் நாற்பது நொடி பிந்தி வரும்.
கூச்சல் பிந்தாது.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கிய பிறகும்
திரையில் இஃப்ரான் நடுக்கோட்டருகே
காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பான்.
"போடா, நீ கோல் போட்டாயிற்று, உனக்கே தெரியாது"
என்பேன்.
முதல் மூன்று ஆட்டங்களில் ஐந்து முறை சொன்னேன்.
அப்புறம் சொல்ல வாய்க்கவில்லை.

வெளியூர் ஆட்டங்கள் எனக்குப் பிடிக்காது.
எல்லோரையும் போல நானும்
என்ன ஆகுமென்று தெரியாமல் பார்க்க வேண்டும்.

உள்ளூர் ஆட்டம் முடிந்து போகிற வழியில்
ஹெபெர் என் ஜன்னல் பலகையில் குத்துவான்.
ஜெயித்தால் ஒன்று. தோற்றால் இரண்டு.
முதல் மாதம் "திருடி" என்றும் சேர்த்துச் சொன்னான்.
பிறகு குத்து மட்டும்.

ஜூனில் மழை.
எதிர்க்கடையில் மழைநாள் ரொட்டி பொரியும் வாசனை.
கேமரா வடக்குப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
மாத்தேவுக்கு வெந்நீர் ஊற்ற எழுந்துவிடுவேன்.
ஒருமுறை எழ மறந்தேன்.
குப்பைப் பையில் ஓட்டை போட்டுத் தலையை விட்டு
மிர்த்தா, என்னோடு ஆறாம் வகுப்புப் படித்தவள்,
ஒரு கையால் தன் குவளையின் வாயைப் பொத்தியபடி
மறு கையால் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டோடு ஆறு தோல்வி. பயிற்சியாளரை மாற்றினார்கள்.
மின்சார ரசீதின் முதுகில் புள்ளிகளைக் கூட்டினேன்.
எப்படிக் கூட்டினாலும் ஒரே விடை:
கடைசி நாள் ஒரு டிரா போதும், தப்பிவிடுவோம்.
என் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும்.
நான் பிடிபட எட்டு மாதம் ஆனதே அதனால்தான்.

கடைசி நாள். ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தெட்டாம் நிமிடம்.
முற்றத்தில் தொம்மென்று ஏதோ விழுந்தது.
கொடியில் காய்ந்த துணியைச் சரித்துக்கொண்டு,
சேறு அப்பி, இன்னும் சுழன்றபடி,
பந்து.
எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.
திரையில் அது இன்னும் ஆட்டத்திலேயே இருந்தது.
கோல்கீப்பர் பெர்ருத்தி அதை நெஞ்சோடு அணைத்து
நேரம் கடத்திக்கொண்டிருந்தான்.
நானும்.

கதவு தட்டப்பட்டது. பந்து பொறுக்கும் பையன்.
ஓடிவந்தவன் போலில்லை.
"அவசரமில்லை, சென்யோரா," என்றான்.
"நல்லாத் தேடுங்க. மத்த ரெண்டு பந்தையும்
ஆத்துப் பக்கம் அடிச்சுட்டாங்க."
ஆக, கிளப்பின் சொத்தை வைத்துக்கொள்ளச் சொல்லி
கிளப்பே என்னிடம் கேட்டது.
வாசற்படியில் நின்றோம், அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
பந்தின் தையல்களை எண்ணினேன்.
பிறகு கொடுத்தேன். மெல்ல நடந்து போனான்.

நடுவர் முட்டாளில்லை.
நாங்கள் எடுத்ததையெல்லாம் கணக்குப் பார்த்து
ஏழு நிமிடம் சேர்த்தார்.
ஏழாவதில், மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மட்டும்
சின்னதாய் ஒரு கூச்சல்.
மற்ற மூன்று பக்கமும் ஒன்றுமில்லை.

டிவியை அணைக்கவில்லை.
நாற்பது நொடி
நாங்கள் முதல் பிரிவில் இருந்தோம்.
நன்றாகவே ஆடினோம்.

இருட்டுகிற நேரம். செருப்புச் சத்தங்கள், பேச்சில்லாமல்.
ஹெபெரின் நிழல் ஜன்னல் பலகையின் இடுக்குகளில் வந்து நின்றது.
இரண்டுக்காகக் காத்திருந்தேன்.
நின்றான். குத்தவில்லை.

உள்ளிருந்து நான் தட்டினேன்,
ஒன்று,
இரண்டு.